வானிலைக் கணிப்பும் குட்டிச் செயற்கைக்கோள்களும்: எடை குறைந்ததால் கிடைப்பது என்ன?

2025 ஆகஸ்டில் ஏரியன் 6 ராக்கெட், மெட்டாப் இரண்டாம் தலைமுறையின் முதல் செயற்கைக்கோளை விண்ணுக்குக் கொண்டுபோனது. எடை சுமார் 4 டன். அதற்கு ஓராண்டு முன்னால், 2024 ஆகஸ்ட் 16 அன்று, ஆர்க்டிக் வெதர் சாட்டிலைட் என்ற இன்னொன்று, வேறு பல சின்னச் செயற்கைக்கோள்களோடு ஒரே ராக்கெட்டில் மேலே போனது. அதன் எடை 125 கிலோ. இரண்டுமே ஐரோப்பாவுடையவை. இரண்டிலும் வளிமண்டலத்தின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் நுண்ணலைக் கருவி இருக்கிறது. இவற்றுக்கும் முன்பே, 2023இல், ஐந்து கிலோ சொச்சம் எடையுள்ள நாசாவின் ட்ராபிக்ஸ் செயற்கைக்கோள்கள் புயல்களை அளக்கத் தொடங்கிவிட்டன.

125 கிலோவில் முடிகிற வேலைக்கு 4 டன் எதற்கு என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். 5 கிலோப் பெட்டியை நம்பி ஒரு கடற்கரையையே காலி செய்யச் சொல்ல முடியுமா என்ற சந்தேகமும் கூடவே வரும். இரண்டுக்கும் பதில் சொல்ல, கணிப்பு எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## கணிப்புக்குத் தேவை 'இப்போது'

நாளைய வானிலையைக் கணினி எப்படிச் சொல்கிறது? வளிமண்டலத்தை முப்பரிமாணக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இந்த நொடியில் வெப்பநிலை என்ன, அழுத்தம் என்ன, காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது, ஈரம் எவ்வளவு என்ற மதிப்புகளை நிரப்புகிறது. பிறகு இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு அடுத்த சில நிமிடங்களில் இவை எப்படி மாறும் என்று கணக்கிடுகிறது. அந்த விடையை வைத்து அதற்கடுத்த சில நிமிடங்கள், அப்புறம் அதற்கடுத்தவை. இப்படியே பத்து நாள் வரை போகும்.

முதல் நிரப்பலுக்குத் 'தொடக்க நிலை' என்று பெயர். அது பிசகினால் மீதி எல்லாம் பிசகும். இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய அறிஞர், 1910 மே 20ஆம் தேதியின் தரவுகளை எடுத்துக்கொண்டு, கணினி என்ற ஒன்றே இல்லாத காலத்தில், ஆறு மணி நேரக் கணிப்பு ஒன்றைக் கையாலேயே போட்டுப் பார்த்தார். 1922இல் அதை வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. அவருடைய சமன்பாடுகள் சரியாகத்தான் இருந்தன. தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையாமல் இருந்ததுதான் கோளாறு என்பது பின்னால் தெளிவானது.

1960களில் எட்வர்ட் லோரென்ஸ் இன்னொன்றையும் காட்டினார். தொடக்க நிலையில் இருக்கும் மிகச் சிறிய பிழைகூட நாள் போகப் போகப் பெருகி, ஒரு கட்டத்தில் கணிப்பையே பயனற்றதாக்கிவிடும். பிழையைப் பூச்சியமாக்க வழியில்லை. எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நாள் கணிப்பு தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

உலகம் முழுவதற்கும் தொடக்க நிலையை நிரப்பப் போதுமான அளவீடுகளுக்கு எங்கே போவது? பலூனில் கருவி கட்டி மேலே விடும் நிலையங்கள் உலகில் ஆயிரத்துச் சொச்சம்தான், அவையும் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு முறைதான் விடும். பூமியில் சுமார் 70 சதவீதம் கடல். அங்கே பலூன் விட ஆளில்லை. இந்தப் பெரிய வெற்றிடத்தை நிரப்புபவை செயற்கைக்கோள்கள். முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1, 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்டு 78 நாள் வேலை செய்தது. அது அனுப்பியவை மேகப் படங்கள் மட்டுமே. இன்றைய கணினி மாதிரிகளுக்கு வேண்டியது படத்தைவிட எண்கள்: எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம்.

புதிதாக வரும் அளவீடுகளையும், முந்தைய கணிப்பு சொன்ன மதிப்புகளையும் சீர்தூக்கி, இரண்டின் பிழை அளவையும் கணக்கில் கொண்டு ஒரே தொடக்க நிலையாகப் பிணைக்கும் வேலைக்குத் 'தரவு உள்வாங்கல்' என்று பெயர். இந்தச் சொல் பின்னாலும் வரும்.

## 36,000 கி.மீ. தூரத்திலிருந்து தெரியாதது

தொலைக்காட்சியில் மேகங்கள் நகர்வதைக் காட்டும் படங்கள், புவியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வருபவை. அவை 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. ஒரே இடத்துக்கு மேலேயே நிற்பதால் பத்து நிமிடத்துக்கு ஒரு படம்கூட எடுக்க முடியும். ஆனால் அவை பார்ப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அகச்சிவப்பிலும். அடர்ந்த மேகம் இரண்டையும் மறைத்துவிடும். புயலின் தலைமேல் இருக்கும் வெண்போர்வை தெரியும், போர்வைக்கு அடியில் நடப்பது தெரியாது.

நுண்ணலைகள் அந்தப் போர்வையைப் பெருமளவு ஊடுருவும். இதில் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் தம் வெப்பத்துக்கு ஏற்ப, குறிப்பிட்ட அலைவரிசைகளில் மெல்லிய நுண்ணலைகளை எந்நேரமும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. 50 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரு தொகுதி, 118 கிகாஹெர்ட்ஸ் அருகே இன்னொன்று. நீராவிக்கு 22, 183 கிகாஹெர்ட்ஸ் அருகே. அந்த அலைவரிசையின் நட்டநடுவில் கேட்டால், மேல் அடுக்கின் குரல் மட்டும்தான் கேட்கும். கீழிருந்து வருவதை இடையிலுள்ள காற்றே விழுங்கிவிடும். நடுவிலிருந்து சற்றுத் தள்ளிப் போகப் போக, கீழடுக்குகளின் குரல் கேட்கத் தொடங்கும். பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் கேட்டால், மேலிருந்து கீழ்வரை வெப்பநிலை எப்படி மாறுகிறது என்ற முழு வரைபடம் கிடைத்துவிடும். இந்த வேலையைச் செய்யும் கருவிகளை நுண்ணலை ஒலிப்பான்கள் என்பார்கள், ஒலிக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும். ஆங்கிலத்தில் 'சவுண்டர்'; கடலின் ஆழம் பார்ப்பதற்கான பழைய மாலுமிச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

முன்னறிவிப்பு மையங்கள் தம் தரவுகளில் எவை கணிப்பின் பிழையை அதிகம் குறைக்கின்றன என்று தொடர்ந்து அளந்துவருகின்றன. அந்தப் பட்டியல்களில் நுண்ணலை ஒலிப்பான்கள் எப்போதும் முன்வரிசையில்தான் நிற்கின்றன.

பிறகு சிக்கல் எங்கே? 36,000 கி.மீ.க்கு அப்பாலிருந்து இந்த மெல்லிய குரலைத் தெளிவாகக் கேட்க மிகப் பெரிய ஆன்டெனா வேண்டும். அதனால் நுண்ணலைக் கருவிகள் பெரும்பாலும் தாழ்வான சுற்றுப்பாதைகளில், சில நூறு கி.மீ. உயரத்தில்தான் பறக்கின்றன. தாழப் பறப்பது எதுவும் ஓரிடத்தில் நிற்காது. பெரும்பாலும் துருவங்களுக்கு மேலாக, நூறு நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று ஓடிக்கொண்டே இருக்கும். கீழே பூமி தனியாகத் திரும்பிக்கொண்டிருக்கும். விளைவு, ஒரு செயற்கைக்கோள் ஒரே இடத்தை நாளுக்குச் சுமார் இரண்டு முறைதான் பார்க்கும்.

## அந்த இடைவெளியில் என்ன நடக்கும்?

2023 அக்டோபர் 24. மெக்சிகோவின் பசிபிக் கரையை நோக்கி ஓட்டிஸ் என்ற புயல் நகர்ந்துகொண்டிருந்தது. காலையில் அது சாதாரண வெப்பமண்டலப் புயல். மறுநாள் அதிகாலை அகாபுல்கோ அருகே கரையைக் கடந்தபோது ஐந்தாம் வகை, அதாவது அளவுகோலின் உச்சி. ஒரு நாளுக்குள் இத்தனையும் நடந்து முடிந்தது. முந்தைய நாள் கணிப்புகள் எதிலும் ஐந்தாம் வகை என்ற பேச்சே இல்லை. அன்று பிற்பகல் அளவீட்டு விமானம் ஒன்று புயலுக்குள் நுழைந்து பார்த்தபோதுதான், மேலிருந்து மதிப்பிட்டதைவிட அது எவ்வளவோ பலமாகிவிட்டது என்று தெரிந்தது. மக்கள் தயாராகக் கிடைத்தது சில மணி நேரம்.

புயல்களின் பாதையைக் கணிப்பதில் பல பத்தாண்டுகளாக நல்ல முன்னேற்றம். அவை திடீரெனப் பலமாவதைக் கணிப்பதில் அந்த அளவுக்கு இல்லை. பாதையை நிர்ணயிப்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்த காற்றோட்டங்கள். அவை மெதுவாக மாறும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தாலும் பிடிபடும். பலத்தை நிர்ணயிப்பதோ கண்ணைச் சுற்றிய சில பத்துக் கிலோமீட்டருக்குள் நடக்கும் விஷயங்கள். மையத்தின் மேலடுக்கு எவ்வளவு சூடேறியிருக்கிறது, கண்ணைச் சூழ்ந்த மேகச் சுவரான கண்சுவர் முழு வளையமாக மூடிவிட்டதா, பக்கத்திலிருந்து வறண்ட காற்று நுழைகிறதா என்பவை. இவை மணிக்கணக்கில் மாறும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பவருக்கு முதல் பார்வையில் ஒரு புயல் தெரியும், அடுத்த பார்வையில் வேறொரு புயல் தெரியும். நடுவில் நடந்தது தெரியாது.

அடிக்கடி பார்க்க ஒரே வழி, நிறையக் கருவிகளைப் பறக்கவிடுவது. இரண்டு டன், நான்கு டன் எடையில், கட்டி முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் பிடிக்கும் செயற்கைக்கோள்களை டஜன் கணக்கில் விட எந்த நாட்டிடமும் பணம் கிடையாது. எடை குறைப்பின் அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. சின்னச் செயற்கைக்கோள் எதையும் பெரியதைவிடத் துல்லியமாகப் பார்த்துவிடாது. திரும்பத் திரும்ப வந்து பார்க்கும்.

## எவ்வளவு சின்னது?

'சின்னச் செயற்கைக்கோள்' என்ற சொல் பல அளவுகளைச் சேர்த்துக் குறிக்கிறது. பொதுவாக 500 கிலோவுக்குக் கீழே உள்ள எல்லாமே இதில் அடங்கும். ஆகச் சின்னவை கியூப்சாட் வகை. 1999இல் அமெரிக்காவின் இரு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஜோர்டி புய்க்-சுவாரியும் பாப் ட்விக்ஸும் மாணவர்களின் பயிற்சிக்காக உருவாக்கிய அளவுமுறை இது. பத்து சென்டிமீட்டர் கனசதுரம் ஓர் அலகு. மூன்றை அடுக்கினால் மூன்று அலகு, ஆறு சேர்த்தால் ஆறு அலகு. அளவு நிலையானதாக இருப்பதால் எந்த ராக்கெட்டிலும் மிச்சமிருக்கும் இடத்தில் செருகிவிடலாம்.

ஒரு ட்ராபிக்ஸ் செயற்கைக்கோளைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மூன்று அலகு, உயரமான தண்ணீர்ப் புட்டி அளவு. அதன் ஒரு முனையிலுள்ள கனசதுரம்தான் கருவி. அது மட்டும் உடலிலிருந்து தனியாக, இரண்டு நொடிக்கு ஒரு முறை சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் கீழே பூமியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வருடிவிட்டு, மேலே திரும்பி வெறும் விண்வெளியைப் பார்க்கும். விண்வெளியின் வெப்பநிலை நமக்குத் தெரியும், சுமார் 2.7 கெல்வின். ஆக இரண்டு நொடிக்கு ஒரு தரம் கருவி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது. அந்த இரண்டு நொடியில் செயற்கைக்கோள் தரைக்கு மேலே பதினான்கு கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். அடுத்த வருடல் அதற்குப் பக்கத்தில் விழும். இப்படிக் கோடு கோடாகச் சேர்ந்து புயலின் உள் வடிவம் உருவாகிறது.

இதில் 12 அலைவரிசைகள். வெப்பநிலைக்கு 50-60 கிகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு 118ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எந்த ஆன்டெனாவின் பார்வைக் கூர்மையும் அலைநீளத்தையும் ஆன்டெனாவின் விட்டத்தையும் பொறுத்தது. ஆன்டெனாவோ பத்து சென்டிமீட்டரைத் தாண்ட முடியாது, எனவே அலைநீளத்தைப் பாதியாக்கினார்கள். விலையும் கொடுத்தார்கள்: 118 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மழையும் மேகமும் சற்றுக் கூடுதலாகவே தடுக்கும். குட்டிச் செயற்கைக்கோள் வடிவமைப்பு முழுவதிலும் இந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கல்தான்.

சுற்றுப்பாதையும் அப்படியே. துருவங்களுக்குப் போகாமல், நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 33 பாகைக்குள் மட்டுமே சுற்றும்படி அமைத்தார்கள். வெப்பமண்டலப் புயல்களின் வீடு அதுதான். உலகின் மற்ற பகுதிகளைக் கைவிட்டதால், புயல் பகுதிகளைச் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க முடிந்தது. இந்திய-பிரெஞ்சு மேகா-ட்ராபிக்ஸ் 2011இல் இதே யோசனையை 20 பாகைச் சாய்வில் செய்து காட்டியது. அதன் எடை சுமார் ஒரு டன்.

## என்னென்ன வேலைகளுக்கு வருகின்றன?

1. நுண்ணலை ஒலிப்பு. மேலே விளக்கியது. ட்ராபிக்ஸ், ஆர்க்டிக் வெதர் சாட்டிலைட் இரண்டும் இந்த வகை. பின்னதில் 19 அலைவரிசைகள், அவற்றில் சில 325 கிகாஹெர்ட்ஸ் அருகே.

2. ரேடியோ மறைப்பு. குட்டிகள் பெரியவற்றுக்கு நிகராகவே நிற்கும் துறை இது, அதனால் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. தாழப் பறக்கும் ஒரு குட்டிச் செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால், அவை அவ்வப்போது அடிவானத்தில் மறையும் அல்லது உதிக்கும். மறைகிற அந்த ஓரிரு நிமிடங்களில் ஜிபிஎஸ் அலை வளிமண்டலத்தைக் கிடைமட்டமாக வெட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. முதலில் மெல்லிய மேல்காற்று, அப்புறம் படிப்படியாக அடர்ந்த கீழ்க்காற்று. காற்று அடர அடர அலை வளையும், வளைந்தால் வந்துசேர நேரம் கூடும். அந்தத் தாமதத்தை அணுக்கடிகாரத் துல்லியத்தில் அளந்தால், வளைவு தெரியும். வளைவிலிருந்து அடர்த்தி, அதிலிருந்து வெப்பநிலையும் ஈரமும். மேலிருந்து கீழாக சில நூறு மீட்டர் நுணுக்கத்தில் ஒரு பலூன் ஏறினால் கிடைப்பது போன்ற வரைபடம் கையில் வந்துவிடுகிறது.

 இதில் அலையைப் பெறும் கருவி மட்டும் போதும், அலையை அனுப்புபவர் ஏற்கெனவே மேலே இருக்கிறார். அளப்பது நேரத்தை. நேரம் கருவிக்குக் கருவி மாறாது, வயதானாலும் பிசகாது. அதனால் மற்றக் கருவிகளின் அளவீடுகள் ஒரே பக்கமாகச் சாய்வதைத் திருத்த ரேடியோ மறைப்புத் தரவையே நங்கூரமாக வைத்துக்கொள்கிறார்கள். குறையும் உண்டு: அலை கிடைமட்டமாக வருவதால் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நீளத்தின் சராசரிதான் கிடைக்கும். புயலின் கண்ணை இதனால் பார்க்க முடியாது.

 தைவானும் அமெரிக்காவும் சேர்ந்து 2006இல் ஆறு செயற்கைக்கோள்களைக் காஸ்மிக் என்ற பெயரிலும், 2019 ஜூனில் வெப்பமண்டலத்துக்கென்றே இன்னோர் ஆறை காஸ்மிக்-2 என்ற பெயரிலும் ஏவின. அதே சமயம் ஸ்பயர் என்ற நிறுவனம் மூன்று அலகு கியூப்சாட்களில் இதே அளவீட்டைச் செய்து விற்கத் தொடங்கியது. 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் தரையிறங்கியபோது இதன் அருமை தெரிந்தது. பறக்கும் விமானங்கள் வழியெங்கும் அனுப்பும் காற்று, வெப்பநிலை அளவீடுகள் திடீரென வற்றிவிட்டன. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையம் அந்த மே மாதமே ஸ்பயரின் தரவை அன்றாடக் கணிப்பில் சேர்த்துக்கொண்டது.

3. கடல் எதிரொளிப்பு. அமைதியான கடல் கண்ணாடி போல, கொந்தளிக்கும் கடல் ஜிபிஎஸ் அலையைச் சிதறடிக்கும். சிதறலின் அளவிலிருந்து மேற்பரப்பில் வீசும் காற்றின் வேகத்தைக் கணிக்கலாம். ஜிபிஎஸ் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர் என்பதால் கொட்டும் மழையும் அதற்குத் தடையில்லை. கடல்காற்றை அளக்கும் வழக்கமான ராடார்கள் பல திணறும் இடம் அது. 2016 டிசம்பரில் நாசா ஏவிய சிக்னஸ் தொகுதி எட்டுச் செயற்கைக்கோள்கள் கொண்டது, ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குள். சராசரியாக ஏழு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரே இடத்துக்கு மேலே வரும்படி வடிவமைத்தார்கள்.

4. மழை ராடார். 2018இல் ரெயின்கியூப் என்ற ஆறு அலகுப் பெட்டி, அரை மீட்டர் ஆன்டெனாவைக் குடை போல விரித்து மழையைச் செங்குத்தாக வெட்டிக் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் ட்ராமி சூறாவளியின் மேல் அதுவும் டெம்பெஸ்ட்-டி என்ற இன்னொரு கியூப்சாட்டும் ஐந்து நிமிட இடைவெளியில் பறந்தன. ஒன்று அகலத்தைப் பார்த்தது, மற்றது ஆழத்தை.

## சின்னதாவதால் இழப்பது

அளவுத்திருத்தம், அதாவது தெரிந்த ஓர் அளவோடு ஒப்பிட்டுக் கருவியைச் சரிசெய்வது. இதுதான் முதல் கவலை. தரவு உள்வாங்கலில் வெப்பநிலைப் பிழை அரை கெல்வின் என்பதே பெரிய விஷயம். பெரிய கருவிகள் ஒவ்வொரு சுழற்சியிலும் குளிர்ந்த விண்வெளியைப் பார்ப்பதோடு, வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த கறுப்பு இலக்கு ஒன்றையும் பார்த்துக்கொள்ளும். ட்ராபிக்ஸில் அந்த இலக்குக்கு இடமில்லை. பதிலாக, அளவு தெரிந்த இரைச்சலைத் தரும் ஒரு சின்ன மின்னணுப் பாகத்தை வைத்திருக்கிறார்கள். அது காலப்போக்கில் மாறும். தவிர, சின்ன உடலில் சூடு வேகமாக ஏறி இறங்கும், வெயிலிலிருந்து பூமியின் நிழலுக்குள் நுழையும்போது கருவியே நடுங்கிப்போகும். இதைச் சமாளிக்க முடியும் என்று டெம்பெஸ்ட்-டி காட்டியது. பெரிய செயற்கைக்கோள்களின் அளவீடுகளோடு ஒப்பிட்டதில் அது ஒரு கெல்வினுக்குள் ஒத்துப்போனது. ஒப்பிட எதிரே ஒரு பெரிய செயற்கைக்கோள் இருந்ததால்தான் இதைச் சொல்லவே முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். 4 டன் எதற்கு என்ற கேள்விக்குப் பதிலில் ஒரு பாதி இது.

மறு பாதி, சில கருவிகளைச் சுருக்கவே முடியாது. லேசரால் காற்றின் வேகத்தை அளந்த ஏயோலஸ், 2018 முதல் 2023 வரை மிக மதிப்புள்ள தரவுகளைத் தந்தது. அதன் எடை சுமார் 1,360 கிலோ. ஒன்றரை மீட்டர் தொலைநோக்கியையும் அந்த லேசருக்கு வேண்டிய மின்சாரத்தையும் கியூப்சாட்டில் அடைக்க வழியில்லை.

ஆயுள். பெரியவை பதினைந்து ஆண்டுகள்கூட உழைக்கும். குட்டிகளுக்குச் சில ஆண்டுகள்தான். தாழப் பறப்பதால் மெல்லிய காற்று உரசிக் கீழே இழுக்கும், சூரியன் சீற்றமாக இருக்கும் ஆண்டுகளில் இன்னும் வேகமாக. மாற்றுச் செயற்கைக்கோள்களைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏவுதல். 2022 ஜூன் 12 அன்று ட்ராபிக்ஸின் முதல் இரண்டும் ராக்கெட் கோளாறால் சுற்றுப்பாதையை எட்டாமலே அழிந்தன. திட்டம் நிற்கவில்லை. மீதி நான்கும் 2023 மே மாதம் நியூசிலாந்திலிருந்து வேறு வகை ராக்கெட்டில், இரண்டிரண்டாகப் போய்ச் சேர்ந்தன. ஒரே ஒரு பெரிய செயற்கைக்கோளாக இருந்திருந்தால் பத்தாண்டு உழைப்பு அன்றே முடிந்திருக்கும். எண்ணிக்கை தரும் பாதுகாப்பு இது.

நேரத்துக்கு வந்து சேர்வது. இது பெரும்பாலான செய்திகளில் விடுபட்டுப்போகிறது, ஆனால் என் பார்வையில் மிக முக்கியம். மணிக்கொரு முறை அளந்தாலும், அது கணினியை எட்ட ஐந்து மணி நேரம் ஆனால் அன்றைய கணிப்புக்கு உதவாது. ஒவ்வொரு மையமும் ஒரு நேரத்துக்குப் பின் கதவைச் சாத்திவிட்டுக் கணக்கைத் தொடங்கிவிடும். செயற்கைக்கோள் ஒரு தரைநிலையத்துக்கு மேலே வரும்வரை தரவைக் கீழே இறக்க முடியாது. தரைநிலையங்கள் போதாவிட்டால், மேலே எத்தனை செயற்கைக்கோள் சுற்றினாலும் அந்த முயற்சி பாதி வீண்.

## பலன் உண்மையா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

இரண்டு வழிகள்.

முதல் வழி, ஏற்கெனவே பறப்பவற்றுக்கு. ஒரே காலத்துக்கான கணிப்பை இரண்டு தடவை ஓட்டுவார்கள். ஒன்றில் அந்தத் தரவு இருக்கும், மற்றதில் வேண்டுமென்றே நீக்கியிருப்பார்கள். இரண்டில் எது உண்மையோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று சில மாதங்களுக்குப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, இன்னும் கட்டாத செயற்கைக்கோள்களுக்கு. கணினியில் ஒரு கற்பனை வளிமண்டலத்தை உருவாக்கி, அதையே 'உண்மை' என்று வைத்துக்கொள்வார்கள். இல்லாத செயற்கைக்கோள்கள் அந்தக் கற்பனை உலகில் எதைப் பார்த்திருக்குமோ, அதைப் பிழைகளோடு சேர்த்துத் தயாரித்துக் கணிப்பு மாதிரிக்கு ஊட்டுவார்கள். எத்தனை செயற்கைக்கோள் விட்டால் எவ்வளவு பலன் என்பதைப் பணம் செலவழிக்கும் முன்பே ஓரளவு அறிய இது உதவுகிறது.

ஐரோப்பிய மையத்தின் ஆய்வாளர்கள் இதற்கு நெருங்கிய ஒரு முறையில் ரேடியோ மறைப்பை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு பலமுறை மேற்கோள் காட்டப்படுவது. நாளுக்கு 1,28,000 வரைபடங்கள் வரை கூட்டிப் பார்த்தார்கள், பலன் எங்கும் நின்றுவிடவில்லை. ஆனால் அந்தப் பலனில் சுமார் பாதி, நாளுக்கு 16,000 வரைபடங்களிலேயே கிடைத்துவிட்டது. அதாவது ஆரம்பத்தில் சேர்ப்பவைதான் அதிகம் தருகின்றன. அதன்பின் ஒவ்வொரு கூடுதலும் கொஞ்சம் கொஞ்சம். நூற்றுக்கணக்கில் ஏவினால் கணிப்பு நூறு மடங்கு மேம்படும் என்று விளம்பரங்கள் சொன்னால், இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆர்க்டிக் வெதர் சாட்டிலைட் மூன்றாண்டுகளில் கட்டப்பட்ட முன்மாதிரி. அதன் வழித்தோன்றலாக ஸ்டெர்னா என்ற பெயரில் ஆறு செயற்கைக்கோள்களை மூன்று சுற்றுப்பாதைத் தளங்களில் பறக்கவிடும் திட்டம் ஐரோப்பாவில் இருக்கிறது. பெரிய செயற்கைக்கோள்கள் குறிப்பிட்ட சில நேரங்களில்தான் ஓரிடத்தைக் கடக்கும். இடைப்பட்ட நேரங்களை இவை நிரப்ப வேண்டும் என்பது கணக்கு.

## தரவு யாருடையது?

பலூன் தரவும் அரசுச் செயற்கைக்கோள் தரவும் நாடுகளுக்கிடையே இலவசமாகப் பரிமாறப்படுகின்றன. காற்றுக்கு எல்லை கிடையாது, எந்த நாடும் தன் வானத்தை மட்டும் வைத்து ஐந்து நாள் கணிப்பு செய்ய முடியாது. உலக வானிலை அமைப்பு 2021இல் இந்தப் பகிர்வுக் கொள்கையைப் புதுப்பித்து விரிவாக்கியது.

தனியார் குட்டிச் செயற்கைக்கோள்கள் வந்தபின் நிலைமை சிக்கலாகிவிட்டது. தரவை விற்றுப் பிழைக்கும் நிறுவனம், வாங்கியவர் அதை உலகுக்கே கொடுத்துவிட்டால் யாரிடம் மறுபடி விற்கும்? அமெரிக்க வானிலைத் துறை 2020இல் ரேடியோ மறைப்புத் தரவை அன்றாடப் பயன்பாட்டுக்காக நிறுவனங்களிடம் வாங்கத் தொடங்கியது முதல் இந்தக் கேள்வி ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் எழுகிறது. எத்தனை பேரோடு பகிரலாம், எத்தனை மணி நேரம் கழித்துப் பகிரலாம் என்பதற்கேற்ப விலை மாறும். பணக்கார நாடுகளின் மையங்கள் வாங்கிக்கொள்ளும். புயலை அதிகம் சந்திக்கும் ஏழைத் தீவு நாடுகளுக்கு அந்தத் தரவு 24 மணி நேரம் கழித்துக் கிடைத்தால் அது வரலாறு, எச்சரிக்கை ஆகாது. பொதுப்பணத்தில் வாங்கும் எந்தத் தரவும் உடனடியாக எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக வைக்காவிட்டால், நூறாண்டுகளுக்கு மேல் கட்டிக் காத்த பகிர்வு முறை மெல்ல உடையும்.

## செயற்கை நுண்ணறிவு வந்தபின்னும் இவை வேண்டுமா?

வேண்டும். புதிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பத்து நாள் கணிப்பைச் சில நிமிடங்களில் தந்துவிடுகின்றன. ஆனால் இன்று புழக்கத்தில் உள்ளவற்றில் பெரும்பாலானவை தொடங்குவது அதே 'தொடக்க நிலை'யிலிருந்துதான். அவை கற்றுக்கொண்டதும் பல பத்தாண்டு அளவீடுகளைக் கோத்து உருவாக்கிய வானிலை வரலாற்றிலிருந்துதான். அளவீடு நின்றால் அவையும் நிற்கும்.

இந்த அளவீடுகளுக்கு அச்சுறுத்தல் தரையிலிருந்தும் வருகிறது. நீராவியைக் கேட்கக் கருவிகள் பயன்படுத்தும் வரிசைகளில் ஒன்று 23.8 கிகாஹெர்ட்ஸ். அதற்கு மிக அருகில், 24.25 கிகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் பட்டை 5ஜி கைபேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கைபேசிக் கோபுரத்தின் அலை கொஞ்சம் கசிந்து இந்தப் பக்கம் வந்தாலும், செயற்கைக்கோளுக்கு அது நீராவி போலவே கேட்கும். 2019இல் நடந்த உலக வானொலி மாநாட்டில் கசிவுக்கு வரம்புகள் விதித்தார்கள், வானிலையாளர்கள் கேட்டதைவிட அவை தளர்வானவை. கைபேசிச் சேவையை வேறு அலைவரிசைக்கு நகர்த்த முடியும். நீர் மூலக்கூறு எந்த அலைவரிசையில் பேசுகிறதோ, செயற்கைக்கோள்கள் அங்கேதான் கேட்டாக வேண்டும்.